கல்யாண மண்டபத்தில் ஒரு தாழி

“டீச்சருங்க, ஒருத்தங்க ஏழு வருசமா என்ற மேசை டிராயர்ல இருக்காங்க. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அவங்களை அவங்க ஊட்ல சேர்த்துப்போடோணுமுங்க.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. தோசைக் கரண்டியோடு கதவைத் திறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

சொன்னவர் ஆறுச்சாமி. அவருடைய மகள் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். அவர் கோவையில் ஒரு சின்ன மியூசியத்தில் ஸ்டோர் கீப்பர். எந்த மியூசியம் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களில் பாதிப் பேர், ‘அப்படி ஒன்று இருக்கிறதா?’ என்றுதான் கேட்பீர்கள்.

உட்காரச் சொன்னேன். ‘இருக்கட்டுமுங்க’ என்று நின்றார். காபி கொடுத்தேன். ‘எதுக்குங்க’ என்று சொல்லிக்கொண்டே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

டிராயரில் இருப்பது எலும்பு. ஒரு பிஸ்கட் டின் நிறைய எலும்புத் துண்டுகள், கூடவே நாலைந்து சிவப்புப் பாசிமணிகள். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் யாரோ இறந்திருக்கிறார்கள். அவருடைய சொந்தபந்தங்கள் பெரிய பானை ஒன்றில் அவரை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழி — நம் பிள்ளைகள் இரண்டு மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்துபோகிறார்களே, அதேதான்.

தென்னைக்குக் குழி வெட்டும்போது கிடைத்ததாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கிடைத்த தாழிகளையெல்லாம் உள்ளே தங்கம் இருக்கும் என்று கடப்பாறையால் உடைத்துப் பார்த்துவிட்டார்கள். இந்த ஒரு விவசாயி மட்டும் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் மியூசியத்துக்குக் கொண்டுவந்தார். “ஆரோ பெரியவங்களாட்ட இருக்குதுங்க. காட்டுல கெடந்தா மம்முட்டி வெட்டுப் பட்டுப்போகும். நீங்க வெச்சுக்கோங்க” என்று சொல்லி ஒப்படைத்திருக்கிறார். வண்டியிலிருந்து இறக்கி வைத்தவர், அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆறுச்சாமி.

“சரி, ஆள் டிராயரில் இருக்கிறார். தாழி எங்கே?”

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார்.

“கல்யாண மண்டபத்துலீங்க.”

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம். ‘தர மாட்டேன்’ என்றால் கோர்ட்டுக்குப் போனாலும் தர மாட்டான். கல்யாணமாகிக் கோவைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே குழப்பம். இங்கே யாருமே யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. தையல்காரர் ‘குடுத்தறலாமுங்க’ என்பார், ஜாக்கெட் வராது. பிளம்பர் ‘வந்தறேனுங்க’ என்பார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். கோபமாகக் கத்தலாம் என்று போனால், ‘வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க’ என்பார்கள். மோரைக் குடித்தவள் எப்படிக் கத்துவது?

ஆறுச்சாமியின் கதையும் அந்த மோரில் ஆரம்பித்ததுதான்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஸ்டோர் ரூம் ஒழுகியிருக்கிறது. பொருட்களையெல்லாம் பின்பக்கத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக மண்டபம் கட்டிக்கொண்டிருந்த தெய்வசிகாமணி என்ற பெரிய மனிதர் மியூசியத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். தாழி அவர் கண்ணில் பட்டது. “மொடா சோக்கா இருக்குதே! மண்டபம் தொறப்பு விழாவுக்கு ஒரே ஒரு நாள் வாசல்ல வெச்சுட்டுக் குடுத்துப்போடறேனுங்க” என்று கேட்டார். மேலதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். சாவி ஆறுச்சாமியிடம்.

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“அவ்வளவு பெரிய மனுசர் வந்து கேக்கறப்ப எப்படீங்க?”

“சரி, அது பிணம் புதைக்கிற பானை என்றாவது சொன்னீங்களா?”

“நல்ல காரியத்துக்கு எடுத்துட்டுப் போறவருகிட்ட அந்தப் பேச்சை எப்படீங்க எடுக்கறது?”

ஆகவே இரண்டையும் சொல்லவில்லை. உள்ளே இருந்தவரை மட்டும் பத்திரமாக எடுத்து பிஸ்கட் டின்னில் வைத்தார். கல்யாண மண்டபத்துக்குப் போகிற பானையில் எலும்பைப் போட்டுக் கொடுத்தனுப்புவது மரியாதை இல்லையாம்! தாழி போயிற்று. ஒரு நாள் ஏழு வருடமாயிற்று. நடுவில் அவரும் பல தடவை மண்டபத்துக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பந்தியில் உட்கார வைத்து, இரண்டாவது ஜாங்கிரி வைத்து, தாம்பூலப் பை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜாங்கிரி வைத்த கையைப் பார்த்துப் பானையைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அதற்கு முன்னால் ஸ்டாக் சரிபார்க்க மேலே இருந்து ஆபீசர் வருவார். பதிவேட்டில் இருக்கிற தாழி ஸ்டோரில் இல்லையென்றால் முப்பது வருடம் நாணயமாக வேலை பார்த்தவருக்குத் திருட்டுப் பட்டம். ஆனால் ஆறுச்சாமியின் கவலை அது மட்டும் இல்லை.

“எனக்கப்பறம் வர்றவங்க டிராயரைத் தொறந்து பாப்பாங்கல்லங்க? என்னமோ எலும்புன்னு குப்பையில கொட்டிப்போடுவாங்க டீச்சர். நான்தானுங்க அவங்களை ஊட்ல இருந்து எறக்கினவன்.” கண் கலங்கிவிட்டது அவருக்கு. “உங்கூர்க்காரங்க படக்குன்னு நேராப் பேசுவாங்க. நீங்க வந்து அவருகிட்டக் கேட்டுக் குடுக்கோணுமுங்க.”

மண்டபத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு எங்கேயோ இடித்தது. உள்ளே போய் என் நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். நாலாவது பக்கம். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, இடது கையைத் தாழியின் தோளில் போட்டுக்கொண்டு நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்! தாழிக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தைச் சுற்றி சீரியல் பல்பு. வாய் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் தண்ணீர், தண்ணீரில் ரோஜா இதழ். சந்தனப் பொட்டுக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் எழுதிய மியூசியம் நம்பர் லேசாக எட்டிப் பார்க்கிறது.

‘நானும் வரேன்’ என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் ஸ்டோர் ரூமை ஒரு தடவை பார்க்கக் கேட்டேன். பார்த்திருக்கக் கூடாது. புலியோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு எடுத்த நடுகல், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது — தண்டனை வாங்கிய மாணவன் மாதிரி. காலில்லாத மரக் குதிரை வாகனம் ஒன்று. கறையான் பாதி படித்து முடித்த ஓலைச்சுவடிக் கட்டுகள். தையல் விட்டு வைக்கோல் பிதுங்கும் கரடி.

“இதையெல்லாம் ஏன் முன்னால் வைக்கவில்லை?”

“எடமில்லைங்க.”

முன்னால் போய்ப் பார்த்தேன். நியாயம்தான், இடமில்லை. மியூசியத்துக்கு வருகை தந்த பிரமுகர்களின் போட்டோக்களைப் பெரிது பெரிதாக ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரமுகர் வரும்போதும் ஒரு போட்டோ கூடும். ஒரு பழம்பொருள் ஸ்டோருக்குப் போகும். இப்படியே போனால் பிரமுகர்கள் எதைப் பார்க்க வருவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பிஸ்கட் டின்னையும் காட்டினார். உள்ளே வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் துண்டுகளை அடுக்கியிருந்தார். மணிகள் தனியாக ஒரு தீப்பெட்டியில்.

“ஆணா, பெண்ணா?”

“தெரியலைங்க. அதான் ‘அவங்க’ன்னே சொல்லிக்கறதுங்க.”

முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இருவரும் மண்டபத்துக்குப் போனோம். பஸ்ஸில் வரும்போதே மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ‘அது மியூசியத்துப் பொருள். ஏழு வருடம் ஆயிற்று. இன்றைக்கே எடுத்துப் போகிறோம்.’ அவ்வளவுதான். திருநெல்வேலி ஸ்டைல்.

தெய்வசிகாமணி வாசலுக்கே வந்து கைகூப்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. “ஏனுங்க டீச்சரம்மா, வாரீங்கன்னா கார் அனுப்பியிருப்பேனே!” முதலில் காபி வந்தது. பிறகு இளநீர். பிறகு, ‘ஒரு வாய் டிபன்’ என்றார். ஆறு அயிட்டம் வந்தது. என் சொந்த ஊரை விசாரித்தார். பேப்பரில் நான் வாராவாரம் எழுதும் பத்தியைத் தவறாமல் படிப்பதாகச் சொன்னார். எந்த வாரம் எதை எழுதினேன் என்று சொல்லவும் செய்தார். பொய் இல்லை, உண்மையாகவே படிக்கிறார்! அங்கேயே நான் பாதி காலி. மீதிப் பாதி, கிளம்பும்போது அவர் வீட்டு அம்மா கொண்டுவந்த ஒரு பை முருங்கைக்காயில் காலி.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கையில் முருங்கைக்காய் இருக்கிறது. தாழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“நேராப் பேசுவீங்கன்னு கூட்டிட்டு வந்தனுங்களே டீச்சர்...” என்றார் ஆறுச்சாமி, சோகமாக.

இருபத்திரண்டு வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். என்னை மட்டும் குறை சொன்னால் எப்படி?

அடுத்த நாளே மறுபடியும் போனோம். இந்தத் தடவை செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். “அந்தப் பானை மியூசியத்துக்குச் சொந்தமானது. மாதக் கடைசிக்குள் திரும்ப வேண்டும்.”

அவர் முகம் மாறவில்லை. “அதுக்கென்னங்க, குடுத்தறலாமுங்க” என்றார்.

எங்கள் தையல்காரரின் அதே குரல்.

“இப்ப ஆனி மாசம், முகூர்த்தமாப் போயிட்டிருக்குது. ஆடி பொறக்கட்டுமுங்க. மண்டபமே சும்மாதான் கெடக்கும், நானே வண்டி வெச்சு அனுப்பிப்போடறேன்.”

“ஆடிக்கு முன்னால் இவர் ரிட்டயர் ஆகிறாரே!”

அவர் குரலைத் தணித்துச் சொன்னார். “உள்ளதைச் சொல்றேனுங்க அம்மணி. அந்த மொடா வந்த பொறவுதான் இந்த மண்டபம் தலையெடுத்துது. சனங்க அதை மகாலட்சுமிப் பானைங்கறாங்க. கல்யாணம் தட்டிப்போற புள்ளைகளைக் கூட்டிட்டு வந்து மஞ்சக் கயிறு கட்டறாங்க, பாருங்க.” பார்த்தேன். தாழியின் கழுத்தில் ஐம்பது அறுபது மஞ்சள் கயிறுகள். “வர்ற புதன்கிழமை என்ற பொண்ணுக்கே இங்கதான் கல்யாணமுங்க. ஒரே பொண்ணு. அந்தப் பானைக்கு முன்னால ஆரத்தி எடுத்துத்தான் மாப்பிள்ளையை உள்ள கூப்புடறதா வேண்டியிருக்கறேன். இப்பப் போய் எடுக்கச் சொல்றீங்களே...”

என் கையில் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது: அது என்ன பானை என்று சொல்வது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் எதிரே நிற்பவர் பெண்ணைப் பெற்றவர். அவர் கையில் இன்னும் கொடுத்து முடிக்காத கல்யாணப் பத்திரிகைக் கட்டு. மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையில் என் பெயர் எழுதியிருப்பதுகூடத் தெரிந்தது. ‘அது வந்து...’ என்றேன். ‘அதாவது...’ என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வகுப்பில் நாற்பது பேரை ஒரே அதட்டலில் அடக்குகிறவள், ஒரு பானையின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

அப்போதுதான் ஆறுச்சாமி இரண்டு அடி முன்னால் வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க... அது பானை இல்லைங்க. அது ஒருத்தங்க ஊடுங்க.”

“ஆரு ஊடு?”

“பேர் தெரியாதுங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னால போய்ச் சேர்ந்தவங்க. அவங்க சனம் அவங்களை அதுலதான் வெச்சுப் பொதைச்சாங்க. நீங்க ஊட்டைக் கேட்டீங்க, நான் ஆளை எறக்கி வெச்சுட்டு ஊட்டைக் குடுத்துப்போட்டேன். ஏழு வருசமா அவங்க என்ற டிராயர்ல ஒண்டுக் குடித்தனம் இருக்காங்க. தப்பு என்ற மேலதானுங்க. நீங்க ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நான் அவங்களைக் குடி வெச்சுப்போடுவேனுங்க.”

இதைவிட மரியாதையாக இந்தச் செய்தியை உலகத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தெய்வசிகாமணி தாழியைப் பார்த்தார். ஆறுச்சாமியைப் பார்த்தார். மறுபடி தாழியைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். சாமி என்று நினைத்துக் கழற்றினாரா, சாவு என்று நினைத்துக் கழற்றினாரா, தெரியாது.

“ஏனுங்க ஆறுச்சாமி, இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?”

“நல்ல காரியத்துல எப்படீங்க...”

“அதுவுஞ் செரிதான்” என்றார் அவர். என் காதால் கேட்டேன். ‘அதுவும் சரிதான்’ என்றார்! இந்த ஊரைத் திருத்த முடியாது.

ஆனால் ஆள் வியாபாரி. அதிர்ச்சி இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. “இங்க கல்யாணம் பண்ணின சோடியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது? ஒண்ணும் பிரியலையே?” என்று என்னிடம் கேட்டார். என் நாத்தனார் மகளுக்கு இரட்டைக் குழந்தை என்று சொன்னேன். முகம் தெளிந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் டெம்போ வந்தது. சீரியல் பல்பைக் கழற்றினார்கள். மஞ்சள் கயிறுகளை அவரே ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒரு தாம்பாளத்தில் வைத்தார், அறுக்கவில்லை. தாழி மேல் புது வேட்டி ஒன்றைப் போர்த்தினார். வண்டி கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, “வெளிய சொல்லிப்போடாதீங்க அம்மணி” என்றார்.

சொல்லவில்லை, பாருங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் மண்டபங்களில் எது என்று உங்களுக்குத் தெரியவா போகிறது? தெய்வசிகாமணி என்பதும் நான் வைத்த பெயர்தான்.

புதன்கிழமை கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்தேன். வாசலில் புதிய பானை நின்றது. ஃபைபரில் செய்தது, ஒன்றரை மடங்கு பெரிது, பளபளவென்று தங்க வண்ணம். கழுத்தில் அவிழ்த்து வைத்திருந்த அதே மஞ்சள் கயிறுகள்! ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ரொம்ப சக்தியான பானைங்க, எங்க மூத்தவளுக்கு இங்க கயிறு கட்டித்தான் அமைஞ்சுது” என்று எனக்கே சொன்னாள். நான் தலையாட்டினேன். சாப்பாடு பிரமாதம்.

தாழி வந்து சேர்ந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.

நாலு பேர் பிடித்து ஸ்டோர் ரூமில் இறக்கினார்கள். அவர்கள் போன பிறகு ஆறுச்சாமி கையைக் கழுவிவிட்டு வந்து டிராயரைத் திறந்தார். வெள்ளைத் துணியோடு எடுத்தார். தாழிக்குள் பாதி உடம்பை விட்டு ஒவ்வொரு துண்டாக வைத்தார். மணிகளைக் கடைசியில் வைத்தார். “ரொம்ப நாளாகிப் போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். இவ்வளவு நேரம் இந்த ஊர் மரியாதையைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். அந்த நிமிடம் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. அழுகைதான் வந்தது. யாரென்றே தெரியாத ஒருவரிடம், பதில் சொல்ல முடியாத ஒருவரிடம், நம்மில் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்போம்?

ஏழு வருடமாக ஸ்டோரிலேயே கிடந்த மூடியை எடுத்து வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல, “அப்ப நான் வரட்டு...” என்று ஆரம்பித்தேன். ஆறுச்சாமி அவசரமாகக் கையை ஆட்டித் தடுத்தார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வெளியே வந்தோம். அவர் கதவைப் பூட்டினார்.

மாதக் கடைசியில் ஆபீசர் வந்தார். ஆறுச்சாமியின் பிரிவுபசார டீ பார்ட்டிக்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். ஆபீசர் முன் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். இளநீர் வந்தது. ஆறுச்சாமி பதிவேட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அவர் டிக் அடித்துக்கொண்டே வந்தார். நடுகல், டிக். குதிரை, டிக். கரடி, டிக்.

“முதுமக்கள் தாழி, ஒண்ணுங்க. உள்ளாற இருக்குதுங்க, வந்து ஒரு எட்டுப் பாத்துப்போடுங்க.”

“பானையில போய்ப் பாக்கறதுக்கு என்னய்யா இருக்கு?” என்றார் ஆபீசர். டிக் அடித்தார். குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில் நிதானமாக எழுதினார்: ‘நல்ல நிலை. உள்ளே ஒன்றும் இல்லை.’

எனக்கு ரத்தம் கொதித்தது. பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். ஆறுச்சாமி கண்ணாலேயே உட்காரச் சொன்னார். பிறகு தாழ்வாரத்தில் வைத்து ரகசியமாகச் சொன்னார்.

“உடுங்க டீச்சர். ஒண்ணுமில்லைன்னு சர்க்கார்லயே எழுதிப்போட்டாங்க. இனி அவங்களை ஆரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

இந்த நாட்டில் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டுமென்றால், செத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது — ஆள் இல்லை என்று ஆபீசர் எழுதித் தர வேண்டும்!